கெமர் கோயில்களை எந்த வரிசைல பார்க்கணும்? கம்போடியா 7 நாள் ட்ரிப், படிப்படியா

மொத தடவை போனப்ப எல்லாரும் பண்ற தப்பைத்தான் நானும் பண்ணேன். சியெம் ரீப்ல (அங்கோர் கோயில்களுக்குப் பக்கத்து டவுன்) இறங்கின மறுநாள் காலைல 4 மணிக்கே எந்திரிச்சு அங்கோர் வாட் சன்ரைஸ், அங்கிருந்து பாயோன், அப்புறம் தா ப்ரோம், அப்புறம் டுக் டுக் அண்ணன் எங்க நிறுத்தினாரோ அங்கல்லாம் இறங்கி ஏறி, சாயங்காலம் ரூம்ல உக்காந்து பார்த்தா போன்ல 600 போட்டோ இருக்கு, எது எந்தக் கோயில்னு எனக்கே தெரியல. மூணாவது நாள் எங்கம்மா "இன்னும் எத்தனை கல்லுடா பாக்கணும்"னு கேட்டாங்க. தப்பு கோயில் மேல இல்ல, நாங்க போன வரிசை மேலதான். பெரிய கோயிலை மொத நாளே பார்த்துட்டா மத்ததெல்லாம் சப்புனு ஆயிடுது.

ரெண்டாவது தடவை பழசுல இருந்து புதுசுக்குன்னு கிட்டத்தட்ட கால வரிசைப்படி போனோம். செங்கல் கோபுரம், அப்புறம் செம்புராங்கல், அப்புறம் மணல்கல். மொதல்ல சிவன், நடுவுல விஷ்ணு, கடைசில புத்தர். பெரும்பாலும் நேத்து பார்த்ததை விட ஒரு படி பெருசா வரும், ஏன் இப்படி மாத்துனாங்கன்னும் புரியும். அந்த ரூட்டைத்தான் கீழ எழுதிருக்கேன். அதிர்ஷ்டவசமா தலைநகர் ஃப்னோம் பென்ல ஆரம்பிச்சு சியெம் ரீப்ல முடிச்சா ரோடும் கிட்டத்தட்ட அதே வரிசைலதான் இருக்கு.

கிளம்புறதுக்கு முன்னாடி

சீசன் நவம்பர்ல இருந்து பிப்ரவரி. மார்ச், ஏப்ரல் வெயில்ல அந்தக் கல்லு மேல நிக்கவே முடியாது. ஏப்ரல் நடுவுல அவங்க புத்தாண்டு, நம்ம சித்திரை ஒண்ணு வர்ற அதே நாட்கள்தான், ஊரே லீவுல கிளம்பிடும், கார் கிடைக்கிறது கஷ்டம். மழைக்காலத்துல (ஜூன்ல இருந்து அக்டோபர்) அகழில தண்ணி நிறைஞ்சு பாசி பச்சையா இருக்கும், கூட்டமும் கம்மி, மத்தியானத்துக்கு மேல மழை வரும்னு தெரிஞ்சு பிளான் பண்ணா எனக்கு அதுவும் ஓகேதான்.

சென்னைல இருந்து பாங்காக், கோலாலம்பூர் இல்ல சிங்கப்பூர்ல மாறித்தான் போகணும். ஃப்ளைட்லயே போங்க. பாங்காக்ல இருந்து பஸ்ல எல்லை தாண்டலாம்னு பழைய யூட்யூப் வீடியோ பார்த்து பிளான் போடாதீங்க, 2025ல தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் சண்டையே வந்து தரைவழி எல்லைய மூடிட்டாங்க. அந்த எல்லை மலை மேல இருக்கிற ப்ரியா விஹார் (அழகான சிவன் கோயில், 1962ல சர்வதேச நீதிமன்றம் கம்போடியாவுக்குத்தான் சொந்தம்னு தீர்ப்பு சொன்னது) இந்த ட்ரிப்ல வேண்டாம், நிலவரம் சரியான பிறகு பார்த்துக்கலாம்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு இ-விசா இருக்கு. அரசாங்கத்தோட தளத்துலயே போடுங்க, அதே மாதிரி இருக்கிற ஏஜென்ட் தளங்கள் ரெட்டிப்பு காசு வாங்குறாங்க. இறங்குறதுக்கு முன்னாடி இ-அரைவல் ஃபார்மும் ஆன்லைன்ல ஃபில் பண்ணணும். பணம் பொறுத்தவரை டாலர் எல்லா இடத்துலயும் ஓடும், சில்லறை ரியெல்ல வரும், ஒரு டாலருக்கு 4000 ரியெல்னு கணக்கு வச்சுக்கோங்க. ஒண்ணு முக்கியம், ஓரம் கிழிஞ்ச டாலர் நோட்டை டீக்கடைக்காரர் கூட வாங்க மாட்டார், நம்ம ஊர்லயே மாத்தும்போது ஒவ்வொரு நோட்டா திருப்பிப் பார்த்து வாங்குங்க.

டிரஸ்: தோளும் முட்டியும் மூடியிருக்கணும். மேல ஷால் போத்திக்கலாம்னு நினைக்காதீங்க, அங்கோர் வாட் மேல் தளத்துல அதை ஒத்துக்காம திருப்பி அனுப்புறாங்க. காட்டன் பேன்ட், கை வச்ச சட்டை, பிடிப்பு இருக்கிற ஷூ, அவ்ளோதான்.

சாப்பாடு பத்தி கேக்குறவங்களுக்கு: அமோக்னு மீனைத் தேங்காப் பால்ல வாழையிலைக்குள்ள வச்சு அவிச்சுத் தருவாங்க, கண்டிப்பா சாப்பிடுங்க. சைவம்னா சொல்லிப் புரிய வைக்கிறது கொஞ்சம் பாடு, காய்கறிப் பொரியல்லயும் மீன் சாஸ் ஊத்துவாங்க, அதனால "மீன் சாஸும் வேண்டாம்"னு தனியா சொல்லணும். சியெம் ரீப்ல இந்தியன் ஹோட்டல் இருக்கு, ரோட்டுல போற நாளுக்குத்தான் கையில ஏதாவது வச்சுக்கணும்.

டிக்கெட் கணக்கு

அங்கோர் பாஸ் ஒரு நாளைக்கு 37 டாலர், 3 நாளைக்கு 62, 7 நாளைக்கு 72. மூணு நாள் பாஸை 10 நாளுக்குள்ள எந்த மூணு நாள் வேணாலும் யூஸ் பண்ணலாம், ஏழு நாள் பாஸுக்கு ஒரு மாசம் டைம். 62க்கும் 72க்கும் பத்தே டாலர் வித்தியாசம், அதனால கீழ இருக்கிற பிளானுக்கு கண்ணை மூடிட்டு 7 நாள் பாஸ். 12 வயசுக்குக் கீழ ஃப்ரீ, பாஸ்போர்ட் காட்டணும். உங்க போட்டோவோடதான் டிக்கெட் வரும், அதனால யாராவது மிச்ச நாள் இருக்குன்னு கம்மி விலைக்குக் கொடுத்தா வாங்காதீங்க, செல்லாது. நாள் 5ல வர்ற கோ கேர்க்கும், நாள் 2ல வர்ற சம்போர் ப்ரெய் குக்குக்கும் தனி டிக்கெட்.

ஒரு வாட்ஸ்அப் பஞ்சாயத்தை இங்கயே முடிச்சுக்கலாம்

அங்கோர் வாட்டைக் கட்டினது தமிழ் மன்னன், சோழன் கட்டினதுன்னு வருஷா வருஷம் ஒரு ஃபார்வர்ட் வரும். இல்லைங்க. கட்டினது ரெண்டாம் சூரியவர்மன், கெமர் ராஜா (கெமர்ங்கிறது கம்போடியாவோட சொந்த இனம்). "வர்மன்"னு முடிஞ்சா பல்லவன் ஆயிட மாட்டான். ஆனா உண்மையான தொடர்பு இருக்கு, அது ஃபார்வர்டை விட சுவாரசியம். அவங்க எழுத்து பல்லவர் காலத்து எழுத்துல இருந்து வளர்ந்தது. கரந்தைச் செப்பேட்டுல காம்போஜ (கம்போடியா) ராஜா ராஜேந்திர சோழனுக்கு நட்புக்காகத் தேர் அனுப்பினான்னு இருக்கு. இன்னொண்ணு பாந்தியாய் ஸ்ரேய்ல இருக்கு, நாலாவது நாள் சொல்றேன்.

பேரைப் புரிஞ்சுக்க சில வார்த்தை தெரிஞ்சா போதும். அங்கோர்ங்கிறதே "நகரம்"தான், நாக்குல திரிஞ்சு அப்படி ஆயிடுச்சு. ஃப்னோம்னா மலை, பிரசாத்னா கோபுரம், தோம்னா பெருசு, ஸ்ரா குளம், ஸ்பியன் பாலம், பாராய்னா ஏரி மாதிரி வெட்டின பெரிய நீர்த்தேக்கம், தா-ன்னா தாத்தா.

நாள் 1: ஃப்னோம் பென் மியூசியம்

கோயில் ட்ரிப்புக்கு எதுக்கு மியூசியம்னு கேப்பீங்க. கோயில்கள்ல நல்ல சிலைகள்ல பாதிக்கு மேல இப்ப கோயில்ல இல்ல, அதான். 1920ல திறந்த தேசிய மியூசியத்துலதான் ஃப்னோம் டால கிடைச்ச எட்டுக் கை விஷ்ணு, கோவர்த்தன மலையைத் தூக்குற கிருஷ்ணன், ஏழாம் ஜெயவர்மனோட (கடைசி நாள் வர்ற ராஜா) கண் மூடின தலை எல்லாம் இருக்கு. கோ கேர்ல இருந்து வந்த பீமன், துரியோதனன் சிலைகளைத் தேடிப் பாருங்க. 1970கள்ல திருடனுங்க பாதத்தைப் பீடத்துலயே விட்டுட்டு மேல மட்டும் அறுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, துரியோதனன் நியூயார்க் ஏலம் வரைக்கும் போயாச்சு, கோயில்ல கிடந்த பாதம் பொருந்துதுன்னு காட்டித்தான் கேஸ் நடத்தி 2014ல திரும்ப வந்தான். பீமன் கலிஃபோர்னியா மியூசியத்துல இருந்து அதே வருஷம். நம்மூர் நடராஜருங்க திரும்பி வந்த கதை தெரிஞ்சவங்களுக்கு அந்த ரூம்ல கொஞ்சம் நேரம் ஆகும்.

மத்தியானம் துவோல் ஸ்லெங். ஸ்கூலா இருந்ததை கெமர் ரூஜ் (லட்சக்கணக்கான சொந்த ஜனங்களைக் கொன்ன கம்யூனிஸ்ட் ஆட்சி) ஜெயிலா மாத்தி வச்ச இடம். 1975ல இருந்து 1979 வரைக்கும் நடந்தது தெரியாம இந்த நாட்டுல சுத்துறது சரியில்லன்னு எனக்குத் தோணும். சின்னப் பசங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க.

நாள் 2: சம்போர் ப்ரெய் குக்

காலைல 7 மணிக்குள்ள கார் எடுத்துட்டு கம்போங் தோம் வழியா போங்க. பஸ்ல போனா கம்போங் தோம்ல இறங்கி அங்கிருந்து டுக் டுக்ல 30 கிலோமீட்டர். இது ஈசானபுரம், 7ஆம் நூற்றாண்டுல ஈசானவர்மனோட தலைநகர், அங்கோருக்கு ரொம்ப முன்னாடி, மாமல்லபுரத்துல பாறையைக் குடைஞ்சுக்கிட்டிருந்த அதே நூற்றாண்டு. காட்டுக்குள்ள எட்டுப் பட்டைல செங்கல் கோபுரங்கள், சுவத்துல பறக்கிற மாளிகைய செங்கல்லயே செதுக்கியிருப்பாங்க. ஒரு கோபுரத்தை மரம் முழுசா விழுங்கி வேர் மட்டும்தான் கோபுர ஷேப்ல நிக்குது. நடுநடுவுல வட்டமா பள்ளம் தெரிஞ்சா அது குளம் இல்ல, அமெரிக்க குண்டு விழுந்த குழி. 2017ல யுனெஸ்கோ லிஸ்ட்ல வந்துச்சு, அப்படியும் நாங்க போனப்ப எங்களைத் தவிர ஒரு ஃப்ரெஞ்சு தம்பதி மட்டும்தான்.

அங்கிருந்து சியெம் ரீப் போற வழில கம்போங் க்தெய்ங்கிற ஊர்ல நிறுத்தச் சொல்லுங்க. ஸ்பியன் ப்ராப்தோஸ், செம்புராங்கல்லுல கட்டின பழைய பாலம், கைப்பிடிச் சுவரே நாகம். உங்க பர்ஸ்ல 5000 ரியெல் நோட்டு இருந்தா எடுத்துப் பாருங்க, அதே பாலம்.

நாள் 3: ரோலுவோஸ், கூட ஒரு சூரிய அஸ்தமனம்

காலைல மொதல்ல டிக்கெட் ஆபீஸ். அப்புறம் டவுன்ல இருந்து கிழக்கால ரோலுவோஸ், இது பழைய ஹரிஹராலயம். 802ல ரெண்டாம் ஜெயவர்மன் குலென் மலைல சக்கரவர்த்தின்னு பட்டம் கட்டிக்கிட்ட பிறகு கீழ இறங்கி வந்து உக்காந்த ஊர். ப்ரியா கோ 879ல முதலாம் இந்திரவர்மன் முன்னோர்களுக்காகக் கட்டினது, ஆறு செங்கல் கோபுரம், எதிர்ல மூணு நந்தி. பேர்ல இருக்கிற "கோ" நம்ம கோமாதால வர்ற அதே கோ. பக்கத்துல பாகோங், 881. இங்கதான் நிக்கணும். மேருமலைய அடுக்கடுக்கா கல்லுல கட்டுற ஐடியா பெரிய அளவுல வர்றது இங்கதான், அங்கோர் வாட் வரைக்கும் போறது இதோட நீட்சிதான். மேல இருக்கிற கோபுரம் மட்டும் பின்னாடி 12ஆம் நூற்றாண்டுல வச்சது. லோலெய்ங்கிற மூணாவது கோயிலை டைம் இருந்தா பாருங்க, இல்லன்னா விட்டுருங்க.

மத்தியானம் ரூமுக்கு வந்து தூங்கணும். இது சோம்பேறித்தனம் இல்ல, 11ல இருந்து 3 மணி வரைக்கும் வெளில இருந்தா மறுநாள் எந்திரிக்க மாட்டீங்க, எல்லா நாளுக்கும் இதே ரூல்.

சாயங்காலம் ஃப்னோம் பாகெங். இந்திரவர்மன் பையன் யசோவர்மன் தலைநகரை இங்க மாத்தினப்ப மலை உச்சில கட்டினது. மேல ஒரே நேரத்துல 300 பேரைத்தான் விடுவாங்க, 4 மணிக்கே போய் ஏறிடணும், 5 மணிக்குப் போனா கீழ க்யூவுல நின்னபடியே இருட்டிடும்.

நாள் 4: பாந்தியாய் ஸ்ரேய், ஈஸ்ட் மேபோன், ப்ரே ரூப்

மொத்த ட்ரிப்ல எனக்குப் பிடிச்ச நாள். காலைல 7க்குள்ள கிளம்பி நேரா பாந்தியாய் ஸ்ரேய், டவுன்ல இருந்து ஒரு மணி நேரம். டுக் டுக்லயும் போலாம், தூசி ஒத்துக்காதவங்க கார் எடுங்க.

967ல பிரதிஷ்டை ஆனது. கட்டினது ராஜா இல்ல, யக்ஞவராகன்னு ராஜ குரு. அதனாலயோ என்னவோ கோயில் ரொம்பச் சின்னது, ஆனா அந்த இளஞ்சிவப்புக் கல்லுல மரத்துல செதுக்கின மாதிரி ஆழமா செதுக்கியிருக்காங்க. நம்ம ஆளுங்களுக்கு இங்க கைடே வேண்டாம். ராவணன் கைலாயத்தை ஆட்டுறான், மேல பார்வதி பயந்து சிவன் மேல சாய்றாங்க. மன்மதன் கரும்பு வில்லோட அம்பு விடுறான். காண்டவ வனம் எரியுது, இந்திரன் மழை ஊத்துறான், மழையை சாய்ஞ்ச கோடா செதுக்கியிருக்காங்க. வாலி சுக்ரீவன் சண்டை, கம்ச வதம். பக்கத்துல நின்ன வெள்ளைக்காரங்களுக்கு எங்கம்மாதான் அரைகுறை இங்கிலீஷ்ல கதை சொல்லிட்டு இருந்தாங்க.

இப்ப நான் சொன்ன விஷயம். கிழக்கு கோபுர வாசலுக்கு மேல சிவன் ஆடுற சிற்பம் இருக்கு, கீழ ஓரத்துல எலும்பும் தோலுமா மார்பு வத்திப்போன ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. காரைக்கால் அம்மையார்னு ஆய்வாளர்கள் அடையாளம் சொல்றாங்க. பேய் உருவம் கேட்டு வாங்கி ஆலங்காட்டுல ஆட்டம் பார்த்த அம்மா, கடல் தாண்டி இங்க கல்லுல உக்காந்து இன்னும் அதையேதான் பார்த்துட்டு இருக்காங்க. நிறைய பேர் கவனிக்காமயே அந்த வாசலைத் தாண்டிப் போறாங்க, நானும் மொத தடவை தாண்டித்தான் போனேன். எந்தத் தமிழ் ராஜாவும் படை எடுத்துட்டு வரவேண்டிய அவசியமே இல்லாம வந்து சேர்ந்தது இது.

1923ல ஆந்த்ரே மால்ரோ, பின்னாடி ஃப்ரான்ஸ்ல கலாச்சார மந்திரியே ஆனவர், இங்க இருந்து தேவதை சிலைகளைப் பேத்துட்டுப் போய் மாட்டிக்கிட்டார். கூத்துதான்.

திரும்பி வரும்போது மத்தியான ரெஸ்ட் முடிச்சு ஈஸ்ட் மேபோன், மூலைக்கு மூலை கல் யானை. இது ஒரு காலத்துல ஏரி நடுவுல தீவு, படகுலதான் போகணும், இப்ப சுத்தி வயல். ரெண்டும் ராஜேந்திரவர்மன் கட்டினது, மேபோன் 953, ப்ரே ரூப் 961. ப்ரே ரூப் மேல ஏறி அஸ்தமனம் பாருங்க, செங்கல் அப்படியே சிவக்கும்.

நாள் 5: கோ கேர், பெங் மேலியா

கண்டிப்பா கார். கோ கேர் 120 கிலோமீட்டர். நாலாம் ஜெயவர்மன் 928ல தலைநகரையே இங்க கொண்டு வந்து 944ல எல்லாம் முடிஞ்சு திரும்ப அங்கோருக்கே போயிட்டாங்க. அந்தக் கொஞ்ச வருஷத்துல 36 மீட்டர் உசரத்துக்கு ஏழு அடுக்குப் பிரமிடு, பக்கவாட்டுல மரப்படி போட்டிருக்காங்க, ஏறலாம். மொத நாள் பார்த்த பீமன் துரியோதனன் இந்த ஊர்தான்.

வர்ற வழில பெங் மேலியா, இது அங்கோர் பாஸ்லயே அடங்கும். சரிஞ்சது சரிஞ்சபடியே கிடக்கு, பலகை நடைபாதை மேலயே நடங்க. இந்தப் பக்கமெல்லாம் கண்ணிவெடி எடுத்த இடங்கள், பாதை விட்டு செடிக்குள்ள எதுக்கும் இறங்காதீங்க, ஒண்ணுக்கு வந்தாலும் சரி.

முடியாதவங்க, குழந்தைங்க இருக்கிறவங்க இந்த நாளைக் கட் பண்ணிட்டு ஹோட்டல் நீச்சல் குளத்துல கிடங்க, தப்பில்ல.

நாள் 6: அங்கோர் வாட், அது மட்டும்

1113ல பட்டத்துக்கு வந்த சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டினது. 190 மீட்டர் அகல அகழி, நடுக் கோபுரம் 65 மீட்டர், மேற்குப் பார்த்த வாசல். மேற்குப் பார்த்து இருக்கிறதால சன்ரைஸ்ல கோயில் கறுப்பா நிழலாத்தான் தெரியும், போட்டோவுக்கு நல்லாருக்கும், சிற்பம் ஒண்ணும் தெரியாது. 5 மணிக்கு உள்ள விடுவாங்க. சூரியன் வந்ததும் கூட்டம் டிபனுக்குக் கலையும், அப்பதான் நீங்க உள்ள போகணும். நுழையும்போது மேற்கு வாசல்லயே எட்டுக் கை விஷ்ணு ஒருத்தர் காவித் துணி போத்திக்கிட்டு நிக்கிறார், தா ரீச்னு கும்பிடுறாங்க, ஊதுபத்தி ஏத்துறாங்க, நம்ம ஊர் எல்லைச் சாமி மாதிரி.

சிற்பச் சுவரை வலது பக்கம் திரும்பி அப்பிரதட்சிணமாத்தான் பார்க்கணும், கதை அந்த திசைலதான் ஓடுது. அதனாலதான் இது சாவு சம்பந்தப்பட்ட கோயிலோன்னு ஒரு வாதமே உண்டு. மொதல்ல குருக்ஷேத்திரம், அம்புப் படுக்கைல பீஷ்மரைக் கண்டுபிடிங்க. தெற்குல ராஜாவோட ஊர்வலம், சூரியவர்மனுக்கு மட்டும் 15 குடை. அடுத்து சொர்க்கம் நரகம், எருமை மேல பல கையோட எமன், பக்கத்துல சித்ரகுப்தன், கீழ ஒவ்வொரு தப்புக்கும் ஒரு தண்டனை. கிழக்குல பாற்கடல், 49 மீட்டர் நீளம், 92 அசுரர் ஒரு பக்கம், 88 தேவர் ஒரு பக்கம், நடுவுல விஷ்ணு. காலை வெளிச்சம் இந்தப் பக்கம் நேரா விழும். கடைசில மேற்குப் பக்கமே திரும்பி வந்தா இலங்கைப் போர், அனுமார் தோள் மேல ராமர். மொத்தம் ரெண்டு மணி நேரம் ஆகும், ஓடாதீங்க.

மேல் தளம் செங்குத்தான படி, முட்டி வலி இருக்கிறவங்க விட்டுடலாம். பௌத்த விரத நாள்கள்ல மூடியிருக்கும், முந்தின நாளே ஹோட்டல்ல கேட்டுக்கோங்க. மத்தியானம் தூங்கிட்டு 4 மணிக்கு இன்னொரு தடவை போங்க, அப்பதான் வெயில் முகத்துல பட்டு கோயில் பொன்னா இருக்கும். ஒரே நாள்ல ரெண்டு தடவையான்னு வீட்ல கேப்பாங்க, கூட்டிட்டுப் போங்க.

நாள் 7: ஜெயவர்மனோட நாள்

1177ல சம்பா நாட்டுக்காரங்க (இப்ப வியட்நாம்ல இருக்கிற பகுதி) தாக்கினதுக்குப் பிறகு 1181ல பட்டத்துக்கு வந்தவர் ஏழாம் ஜெயவர்மன், மகாயான பௌத்தர். வாழ்நாள் முழுக்க கட்டிக்கிட்டே இருந்திருக்கார், அவசரம் வேலைல தெரியும், கல் பொருத்தம் அங்கோர் வாட் அளவுக்கு இருக்காது.

7:30க்கு தா ப்ரோம் திறக்கும், திறந்த உடனே போயிடுங்க. அம்மாவுக்காக 1186ல கட்டினது. மரமும் வேரும்தான் எல்லாரும் பார்க்கிறாங்க, ஆனா அங்க கிடைச்ச கல்வெட்டு வேற லெவல்: உள்ள குடியிருந்தவங்க 12,640 பேர், நாடு முழுக்க 102 ஆஸ்பத்திரின்னு கணக்கு எழுதி வச்சிருக்கு. சரிஞ்சதை எடுத்து நிறுத்துறதுல நம்ம தொல்லியல் துறையும் வேலை பார்த்திருக்காங்க, போர்டுல இந்தியக் கொடி இருக்கும்.

அடுத்து அங்கோர் தோம், தெற்கு வாசல் வழியா நுழைங்க, பாலத்துல ரெண்டு பக்கமும் தேவரும் அசுரரும் பாம்பை இழுக்கிறாங்க, நேத்துப் பார்த்த பாற்கடல்தான். பாயோன்ல மேல போய் முகங்களோட செல்ஃபி எடுக்கிறதுக்கு முன்னாடி கீழ வெளிச் சுவரைப் பாருங்க: தோன்லே சாப் ஏரில படகுச் சண்டை, மரத்துக்கு நடுவுல நீந்துற மீன், மார்க்கெட், சேவல் சண்டை, பிரசவம், சமையல். அங்கோர் வாட்ல சாமியும் ராஜாவும்தான், இங்க ஊர் ஜனம். பக்கத்துல பாபுவோன், மூணு லட்சம் கல்லைக் கழட்டி வச்ச நேரத்துல கெமர் ரூஜ் வந்து நம்பர் போட்ட பேப்பரெல்லாம் அழிஞ்சுபோய், பல வருஷம் கழிச்சு திரும்பக் கோர்த்து 2011ல முடிச்சாங்க.

கடைசியா சாயங்காலம் ப்ரியா கான், அப்பாவுக்காக 1191ல. நடுவுல புத்தர், வடக்குல சிவன், மேற்குல விஷ்ணு, ஒரே வளாகம். ஆனா சுவத்துல வரிசையா மாடம் காலியா இருக்கும், உத்துப் பார்த்தா புத்தர் உருவத்தைக் கொத்தி எடுத்த தழும்பு தெரியும், ஜெயவர்மன் போன பிறகு 13ஆம் நூற்றாண்டுல சிவ பக்தி திரும்பினப்ப செஞ்ச வேலை. டுக் டுக் அண்ணன்கிட்ட மேற்கு வாசல்ல இறக்கி விட்டுட்டு வடக்கு வாசல்ல வந்து நிக்கச் சொல்லிடுங்க, நாங்க சொல்லாம விட்டு, இருட்டற நேரத்துல அம்மாவை அந்த நீளத்துக்கும் திரும்ப நடக்க வச்சு வாங்கிக் கட்டிக்கிட்டேன். மறுநாள் ஃப்ளைட்டுக்கு ஏர்போர்ட் டவுன்ல இருந்து ஒரு மணி நேரத் தூரம் (2023ல மாத்திட்டாங்க, பழைய ப்ளாக்ல பத்து நிமிஷம்னு இருக்கும், நம்பாதீங்க), காரை ராத்திரியே புக் பண்ணிட்டுப் படுங்க.